நல்ல நேரத்தில் பூட்டிய சங்கிலி

ஏழாம் வகுப்புக்கு மேல் எனக்குப் படிப்பு இல்லை. இதை நான் மறைப்பதில்லை. என் மண்டபத்து வாசலில் நின்று டொக்டர்மாருக்கும் எக்கவுண்டன்மாருக்கும் சத்தமாகவே சொல்லியிருக்கிறேன். கோப்பை கழுவி, பெற்றோல் செட்டில் இரவு ஷிப்ட் நின்று, ஈஸ்ட் ஹாமில் மரக்கறிக் கடை போட்டு, கடைசியில் லண்டனில் ஒரு கலியாண மண்டபத்துக்குச் சொந்தக்காரன் ஆனவன் நான். எனக்கு யாரும் கை கொடுக்கவில்லை. கை கொடுக்க வந்தவர்களையும் நான் நம்பவில்லை. கொடுக்கிற கையின் மற்றப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

மண்டபம் செவன் கிங்ஸில் இருந்து வடக்கே கால் மணி நேர ஓட்டம். வெள்ளைக்காரர்கள் விளையாட்டுக் கிளப்பாக வைத்திருந்த கட்டடம். ஐந்நூறு பேர் இருக்கலாம், இருநூறு கார் விடலாம். ஒரே ஒரு குறை, வீதியில் இருந்து வாசலுக்கு வருகிற ஏற்றம். வேறு வழி கிடையாது. கோடையில் அதுவே அழகு. கீழே இருந்து பார்த்தால் மண்டபம் மலைக் கோயில் மாதிரித் தெரியும். பனி விழுந்தால் அதே ஏற்றம் எனக்கு எதிரி.

சில வருடங்களுக்கு முன், தை மாதத்தில் ஒரு கலியாணத்தன்று பனி கொட்டியது. மாப்பிள்ளை வீட்டுக் கோச் பஸ் ஏற்றத்தின் அடியிலேயே நின்றுவிட்டது. மாப்பிள்ளை பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக, சப்பாத்துக்கு மேல் யாரோ ஒருவரின் கம்பளிச் சொக்ஸைப் போட்டுக்கொண்டு, இரண்டு பேர் தோளைப் பிடித்து ஏறி வந்தார். வந்து சேர முகூர்த்தம் போய்விட்டது. ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி மத்தியானத்தில் இன்னொரு நேரம் கண்டுபிடித்தார். தாலி கட்டியாயிற்று, ஆனால் கதை நிற்கவில்லை. பாரிஸ், ரொறொன்ரோ என்று போய், திரும்பி வரும்போது என் மண்டபத்துக்கு ஒரு பட்டப் பெயரும் கொண்டுவந்தது. வழுக்கு மண்டபம்.

அதற்குப் பிறகு மாரிக் குளிர் காலத்துக்கு ஒருவரும் மண்டபம் பதியவில்லை. ஒரே ஒருவர் பதிந்தார். பஸ் ஓட்டுகிற மனிதர், ஒரே மகள், அடுத்த தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் விட்டுவிட்டு ஓடுகிற இடத்துக்கு இவர் ஏன் வருகிறார் என்று எனக்குச் சந்தேகம்தான். நேரே கேட்டேன். "உங்கடை ஹோலிலைதான் அண்ணை என்ரை தங்கச்சியின்ரை கலியாணமும் நடந்தது," என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் போன் எடுத்தார். கேட்பது ஒரே கேள்வி.

"அண்ணை, ஏத்தம் சரிதானே?"

"என்னை நம்பும்," என்று சொல்லிவிட்டேன். அந்த முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை மேலே வந்து நிற்க வேண்டும். வராவிட்டால் அந்த மனிதருடைய மகளின் நாளும் போகும், என் மண்டபத்தின் பெயரும் அதோடு போகும். இரண்டாம் தடவை யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

ஆகவே ஒரு சின்ன ட்ரக்டர் வாங்கினேன். எசெக்ஸ் பக்கத்தில் ஒரு குதிரைப் பண்ணையில் நின்றது, செகண்ட் ஹாண்ட். முன்னுக்குப் பனி தள்ளுகிற தகடும் சேர்த்தே விற்றார்கள். விற்றவன் அதிகம் சிரித்தான். அதனால் எஞ்சினை மூன்று தடவை நிற்பாட்டி மூன்று தடவை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். நல்ல சாமான்தான். ஆனால் முதல் உறைபனிக் காலையில் ஏற்றத்தில் விட்டுப் பார்த்தால், பின் சில்லுகள் நின்ற இடத்திலேயே சுற்றின.

"செயின் போடோணும் அண்ணை," என்றார் நோர்வேக்காரர்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள்தான். நோர்வேயின் வடக்கே மீன் பக்டரியில் வேலை செய்து, பிறகு அங்குள்ள நகர சபையில் பத்து வருடம் பனி தள்ளுகிற வாகனம் ஓட்டியவர். பிள்ளைகளின் படிப்புக்காக லண்டனுக்கு வந்தார். இரண்டு வருடமாக என் மண்டபத்தில் குழாய், லைட், கதவு எல்லாம் அவர் கையில்தான். வேலையில் குறை சொல்ல முடியாது. அதுதான் எனக்கு இடித்தது. இவ்வளவு வேலை தெரிந்த ஆள் என்னிடம் ஏன் இருக்கிறார்?

சங்கிலி விற்கிற கடைக்குப் போன் எடுத்தோம். அங்கே இருந்தவன் ஆயிரம் கேள்வி கேட்டான். டயரின் பக்கத்தில் என்ன இலக்கம் எழுதியிருக்கிறது? டயரின் முகம் தட்டையா, கட்டை கட்டையாகவா? டயருக்கும் மட்காட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம்? நான் போனைப் பொத்திக்கொண்டு நோர்வேக்காரரிடம், "வித்துப்போட்டுப் போறதுக்கு இவனுக்கு ஏன் இவ்வளவு விடுப்புக் கேள்வி?" என்றேன்.

"சரியாத்தான் கேக்கிறான் அண்ணை."

அவர் நிலத்தில் குந்தி இருந்து டயரைக் காட்டினார். எங்கள் டயரில் அம்புக்குறி மாதிரிப் பெரிய ரப்பர்க் கட்டைகள், நடுவில் ஆழமான பள்ளம். ஏணி மாதிரிக் குறுக்குச் சங்கிலி மட்டும் இருக்கிற வகையைப் போட்டால் அந்தக் குறுக்கெல்லாம் பள்ளத்துக்குள் விழுந்து ஒளித்துவிடும், பனியைப் பிடிக்காது என்றார். வலை மாதிரி, சாய்சதுரமாகப் பின்னியதுதான் வேண்டும். பிறகு நான்கு விரலை மடக்கி டயருக்கும் மட்காட்டுக்கும் இடையில் விட்டுப் பார்த்தார். "இடம் காணும். ஆனா தொய்ஞ்சால் அடிக்கும்."

ஏணி வகை இலகுவாகக் கிடைக்கும். வலை வகைக்கு ஓர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். இவர் வேண்டுமென்றே நாளைக் கடத்துகிறாரோ என்று ஒரு யோசனை வந்தது. என்றாலும் டயரின் பள்ளத்தை என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். வலையையே ஓர்டர் பண்ணினேன். அந்தத் தெரிவு என்னுடையது என்று பிறகு எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். ஓர்டர் கொடுத்தது நான்தானே.

சங்கிலி வந்ததும் மனைவி கடைக் கலண்டரில் நல்ல நேரம் பார்த்தாள். மண்டபத்துக்கு வருகிற எந்தப் பெரிய சாமானும் நேரம் பார்க்காமல் பூட்டியதில்லை, சமையலறை அடுப்புக் கூட. அன்று நல்ல நேரம் முடிய முக்கால் மணித்தியாலம் இருந்தது. கற்பூரம் கொளுத்தி, நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து, ட்ரக்டரை முன்னுக்கு எடுத்து நசித்தோம். பிறகு சங்கிலியை நிலத்தில் விரித்து, பின் சில்லை அதன் மேல் ஏற்றி, இரண்டு தலைப்பையும் மேலே இழுத்துச் சேர்த்தோம். வலது பக்கத்தை அவர் பூட்டினார். இடது பக்கத்தை நான் பூட்டினேன். என் மண்டபத்துச் சாமானில் என் கையும் பட வேண்டும்.

இரண்டு தலைப்பையும் சேர்த்துப் பிடிக்கிற கொழுக்கியின் வாயை நான் உள்பக்கமாகத் திருப்பி விட்டேன். நகையென்றால் கொழுக்கி கண்ணுக்குத் தெரியாமல் பின்னுக்கு இருக்க வேண்டும், அதுதான் லட்சணம்.

"அண்ணை, வாய் வெளியாலை பாக்கோணும். உள்ளுக்கை பாத்தா டயரைக் கீறும்."

"வெளியாலை பாத்தா ஆரும் கழட்டிப்போடுவான்."

அவர் சிரித்தார். கொழுக்கி பூட்டிய வளையத்துக்கு நான் சந்தனமும் குங்குமமும் வைத்தேன், இரண்டு சில்லுக்கும். அப்போதுதான் அவர் அந்தக் கதையை எடுத்தார். ட்ரக்டர் பத்து யார் தூரம் ஓட வேண்டுமாம். ஓடினால் சங்கிலி தன் இடத்தில் படிந்து தொய்யுமாம். பிறகு கொழுக்கியைக் கழற்றி இரண்டு வளையம் தள்ளி இறுக்க வேண்டுமாம்.

மணியைப் பார்த்தேன். நல்ல நேரம் முடிந்து ஐந்து நிமிடம்.

"தம்பி, நல்ல நேரத்திலை பூட்டினதைக் கெட்ட நேரத்திலை கழட்டிறதோ? உமக்கு விசரே?"

"அப்ப நாளைக்கு ஒரு நல்ல நேரத்திலை கழட்டுவம்."

"பூட்டினது பூட்டினதுதான். பொட்டும் வைச்சாச்சு."

"செயினுக்குப் பஞ்சாங்கம் தெரியாது அண்ணை," என்றார் அவர். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொட்டு வைத்ததைக் கழற்றுவதில் இந்த மனிதருக்கு ஏன் இவ்வளவு அவசரம்?

அடுத்த கிழமை ஈஸ்ட் ஹாமுக்கு வாழையிலை எடுக்கப் போனேன். ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு தேநீர்க் கடைக் கண்ணாடிக்குள் பார்த்தால், நோர்வேக்காரர் இருக்கிறார். எதிரே இருந்தது யார்? பக்கத்துப் பகுதியில் புது மண்டபம் போட்டிருக்கிற ஆள். தட்டையான கார் பார்க், ஏற்றம் இறக்கம் ஒன்றும் இல்லை. என் மண்டபத்துக்குப் பட்டப் பெயர் வைத்ததே அந்த வாய்தான் என்று எனக்குச் சந்தேகம். இரண்டு பேர் நடுவிலும் ஒரு தட்டு வடை. வடை முடியும்வரை நான் வாழையிலைக் கட்டோடு தெருவின் மறுபக்கத்தில் நின்றேன். அவர்கள் கை கொடுத்துப் பிரிந்தார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"தேத்தண்ணி குடிக்கிறதும் குற்றமே? நீங்களும் போய் ஒரு வடை தின்றிருக்கலாம்."

"நீர் சும்மா இரும். உமக்கு ஆக்களைத் தெரியாது."

"ஓம், எனக்கு ஆக்களைத் தெரியாதுதான். உங்களைக் கட்டினன்தானே."

அன்றே ட்ரக்டர் நிற்கிற கொட்டிலுக்கும் ஒரு கமரா பூட்டுவித்தேன். அது என் போனில் தெரியும். கலியாணத்துக்கு இரண்டு நாள் இருக்க, வெள்ளிக்கிழமை காலை, கமரா டிங் என்றது. பார்த்தேன். நோர்வேக்காரர் ட்ரக்டரைக் கொட்டிலுக்கு வெளியே எடுத்தார், திரும்பக் கொண்டுவந்து விட்டார், பின் சில்லின் பக்கத்தில் குந்தினார். முதுகுதான் தெரிந்தது, கை என்ன செய்கிறது என்று தெரியவில்லை. கன நேரம் இருந்தார். எழும்பிக் கையைத் துடைத்துக்கொண்டு போனார். எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை.

பின்னேரம் அவர் போன பிறகு நான் கொட்டிலுக்குப் போனேன். சந்தனப் பொட்டு வைத்த வளையம் பூட்டில் இல்லை. கீழே தொங்கிக்கொண்டிருந்தது. கொழுக்கி இரண்டு வளையம் தள்ளி வேறொன்றில் இருந்தது. நான் உள்ளே திருப்பி விட்ட கொழுக்கியின் வாய் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. வலது சில்லிலும் பொட்டு வளையம் தொங்கியது.

வடையையும், கை கொடுத்ததையும், இந்தத் தொங்கும் பொட்டையும் சேர்த்துப் பார்த்தேன். எல்லாம் பொருந்தியது. வாய் வெளியே பார்த்தால் பனியில் இழுபட்டுத் தானாகவே கழன்றுவிடும், அதற்குத்தான் இப்படிச் செய்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். கொழுக்கியைக் கழற்ற முடியாத அளவுக்கு இறுக்கம். ஸ்க்ரூ ட்ரைவரை விட்டு நெம்பினேன். விரல் தோல் உரிந்தது. இரண்டு சில்லிலும் பொட்டு வளையத்தைத் திரும்பப் பூட்டில் கொண்டுவந்து, கொழுக்கிகளை உள்ளே திருப்பினேன். நல்ல நேரத்தில் இருந்த இடத்துக்கே கொண்டுவந்துவிட்டேன் என்று திருப்தியோடு கதவைப் பூட்டினேன். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் உஷார் ஆகிவிடுவார். திங்கட்கிழமை கணக்குத் தீர்ப்பது என்று வைத்தேன்.

ஞாயிறு விடிய பஸ்காரர் போன் எடுத்தார். "அண்ணை, வெள்ளையாக் கிடக்குது."

"நீர் பிள்ளையை வெளிக்கிடுத்தும். ஏத்தத்தை நான் பாக்கிறன்."

நானும் மனைவியும் மண்டபத்துக்குப் போய்ச் சேரக் கணுக்கால் அளவு பனி. காரை வீதியில் விட்டு நடந்தே ஏறினோம். நோர்வேக்காரர் வருவதற்கு முன் நானே ட்ரக்டரை எடுத்தேன். இந்த மண்டபத்தை யார் நிமிர்த்தியது என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். தகட்டை இறக்கி, மேலே இருந்து கீழே ஒரு தடவை தள்ளிக்கொண்டு போனேன். அருமை. சங்கிலி பனியைக் கடித்துக்கொண்டு போன சத்தம் காதுக்கு நன்றாக இருந்தது. திரும்பி ஏறினேன். பாதி ஏற்றத்தில் மட்காட்டில் டக் என்று ஒரு அடி. பிறகு டக் டக் என்று தொடர்ந்து. இடது பக்கச் சங்கிலி சில்லை விட்டு நழுவி, உள்ளே போய் அச்சில் சுற்றியது. ட்ரக்டர் பின்னுக்கு வழுக்கி, குறுக்காகத் திரும்பி, ஏற்றத்தை முழுதாக அடைத்துக்கொண்டு நின்றது.

முகூர்த்தத்துக்கு இரண்டு மணித்தியாலம். இருக்கிற ஒரே வழியையும் நானே அடைத்துவிட்டேன்.

நோர்வேக்காரர் கீழே இருந்து நடந்து வந்தார். பனியில் முழங்காலை ஊன்றிக் குனிந்து பார்த்தார். கையால் சங்கிலியைத் தடவிப் பொட்டு வளையத்தைப் பிடித்தார். டயரின் பக்கத்தில் கொழுக்கி கீறிய கோட்டையும் விரலால் தடவினார்.

"அண்ணை, வெள்ளிக்கிழமை ஓடிப் பாத்து இறுக்கி விட்டனான். இதைத் தளர்த்தினது ஆர்?"

"ஆரும் கள்ளன் வந்திருப்பான்," என்றேன்.

"கள்ளன் வந்து பொட்டைத் தேடிப் பிடிச்சு அதிலையே பூட்டிப்போட்டுப் போயிருக்கிறானே?" என்றார் அவர். பிறகு, "கமராவிலை பாப்பமா?"

கமராவில் தெரியப் போவது யார் என்று எனக்குத் தெரியும். மனைவிக்கும் என் பிளாஸ்டர் போட்ட விரலைப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது.

"இஞ்சேருங்கோ, கள்ளன்ரை கையிலை பிளாஸ்டர் ஒட்டினது நான்தானே?"

"நான்தான்," என்றேன். இவ்வளவு காலத்தில் அந்தச் சொல்லை நான் பெருமைக்குத்தான் சொல்லியிருக்கிறேன். "நீர் ஏதோ செய்து வைச்சிருக்கிறீர் எண்டு நினைச்சன்."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "சில்லுத் தூக்கிற யக்கைக் கொண்டு வாங்கோ, கெதியா," என்றார். என் மண்டபத்தில் எனக்கு வேலை சொன்ன முதல் ஆள் அவர்தான். நான் ஓடினேன்.

முன் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை யக்கில் தூக்கி, அச்சில் சுற்றிய சங்கிலியைச் சில்லைப் பின்னுக்கு உருட்டி உருட்டி எடுத்தார். டயரில் கொஞ்சம் காற்றை இறக்கினார். சங்கிலியைப் போட்டு முறுக்கு இல்லாமல் நீவி விட்டார். நீவுகிறபோது அவர் கை எவ்வளவு வெடித்துப் போயிருக்கிறது என்று முதல் தடவை கண்டேன். உள்பக்கத்தை முதலில் பூட்டி, வெளிப்பக்கத்தைப் பிறகு பூட்டி, கொழுக்கியின் வாயை வெளியே விட்டார். பம்பால் காற்றை ஏற்ற ஏற்ற டயர் ஊதிச் சங்கிலியைத் தானே இறுக்கியது. வலது பக்கத்தையும் அப்படியே.

"இப்ப பத்து யார் ஓடுங்கோ."

ஓடினேன். இறங்கிப் பார்த்தேன். இறுக்கமாகப் பூட்டிய சங்கிலி ஒரு கை போகிற அளவுக்குத் தொய்ந்திருந்தது. கண்ணால் கண்டேன்.

"இப்ப நீங்களே கழட்டுங்கோ," என்று விலகி நின்றார்.

"நேரம் ஒண்டும் பாக்கேல்லையே?" என்று மேலே இருந்து மனைவி கத்தினாள்.

பார்க்கவில்லை. கொழுக்கியைக் கழற்றி இரண்டு வளையம் தள்ளி இறுக்கினேன். அவர் ஆட்டிப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு அவர் ஓட்டினார், நான் பனி அள்ளுகிற சவளோடும் உப்பு வாளியோடும் பின்னால் நடந்தேன். நாலு தடவை ஏறி இறங்கியதும் தார் கறுப்பாகத் தெரிந்தது.

கோச் வந்து அடியில் நின்றது. சாரதி தலையை வெளியே நீட்டி ஏற்றத்தைப் பார்த்தான். நான் நடுவில் நின்று கையைக் காட்டினேன். வா. வந்தது. ஒரு இடத்திலும் நிற்காமல் வாசல்வரை வந்தது. மாப்பிள்ளை காய்ந்த சப்பாத்தோடு இறங்கினார். முகூர்த்தம் தொடங்க இருபது நிமிடம் இருந்தது. தாலி கட்டுகிறபோது கெட்டிமேளம் ஏற்றத்தின் அடிவரை கேட்டதாம். நான் கேட்டது கொட்டிலுக்குள் இருந்து. ஈரக் காற்சட்டையோடு மேடைப் பக்கம் போக முடியவில்லை. நோர்வேக்காரரும் அங்கேதான் நின்றார், கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு.

கேட்காமல் விட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. கேட்டேன்.

"ஈஸ்ட் ஹாமிலை அண்டைக்கு ஆரோடை வடை தின்றனீர்?"

"கண்டனியளே?" என்று சிரித்தார். "அந்தப் புது ஹோல்காரர். தன்னட்டை வேலைக்கு வரச் சொன்னவர். மாரியிலை உங்களட்டை வாற ஆக்களைத் தன்ரை பக்கம் திருப்பிவிடவும் சொன்னவர்."

"நீர் என்ன சொன்னனீர்?"

"எங்கடை ஏத்தத்துக்குச் செயின் வந்திட்டுது, இனி ஒருத்தரும் திரும்ப மாட்டினம் எண்டு சொன்னனான்."

"அதுக்கு ஏன் கை குடுத்தனீர்?"

"வடை அவரின்ரை காசு அண்ணை."

நம்பினேனா என்று கேட்டால், முக்கால்வாசி நம்பினேன். எனக்கு அது பெரிய அளவு. என் கூடப் பிறந்தவர்களைக்கூட நான் பாதிதான் நம்புவேன்.

பெண்ணின் தகப்பன் என்னைத் தேடிக் கொட்டிலுக்கே வந்துவிட்டார். பஸ் ஓட்டுகிற அந்தப் பெரிய கைகளால் என் கையைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. "அண்ணை, உங்களாலைதான்." நான் ஏற்றுக்கொண்டு நிற்கலாம். பழக்கம் அதுதான். ஆனால் விரல் எரிந்தது. "ஏத்தத்தைத் திறந்தது இந்தத் தம்பி. அடைச்சது நான்," என்றேன். அவருக்கு விளங்கவில்லை. நோர்வேக்காரருக்கு விளங்கியது.

பெண்ணின் தகப்பன் கொண்டுவந்த தட்டில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. தொட்டுக்கொண்டு ட்ரக்டரின் பக்கத்தில் குந்தினேன். பழைய பொட்டு பனியில் கழுவுண்டு போயிருந்தது. எந்த வளையத்தில் வைப்பது என்று தெரியாமல் திரும்பிப் பார்த்தேன்.

"கடைசியா இறுக்கினதிலை வையுங்கோ அண்ணை," என்றார் நோர்வேக்காரர்.

இப்போது ஒவ்வொரு மாரியும் அப்படித்தான். நல்ல நேரத்தில் பூட்டுவோம், பத்து யார் ஓடுவோம், திரும்ப இறுக்குவோம், அதற்குப் பிறகுதான் பொட்டு. கமராவும் கொட்டிலில் இருக்கிறது. அதை மட்டும் நான் கழற்றவில்லை.